கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைத் தேடியபோது

கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேட தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கே ஆரம்பிப்பது என்று சொந்தக்காரர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். சிலருக்கு ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் அட்டை) வாங்க அந்தக் காகிதம் வேண்டும், சிலருக்குத் தெரிந்துகொண்டால் போதும். நான் போன வழியை எழுதிவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில், கப்பலில் வந்தவர்களின் பதிவேடான கப்பல் பட்டியலுக்குப் போகாதீர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள், பெரும்பகுதி சென்னை வழியாக. அதில் எத்தனை முனுசாமி, எத்தனை கோவிந்தன்! வெறும் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதலில் வேண்டியது காலனி எண். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், பிள்ளைகளின் பிறப்பு, கல்யாணப் பதிவுகளிலும் அது தொடர்ந்து வரும். எங்கள் குடும்பத்தில் அது ஆயாவின் கல்யாணச் சான்றிதழில் இருந்தது. நிறவெறி அரசு இந்தியர்களை டர்பனின் சாட்ஸ்வர்த் குடியிருப்புக்கு வீடு மாற்றிய காலத்தில் பல குடும்பங்கள் இப்படிப்பட்ட காகிதங்களைத் தொலைத்துவிட்டன, எங்கள் பெரியம்மா சாமி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். உங்களிடம் இல்லையென்றால் தாத்தா, பாட்டியின் இறப்புப் பதிவுகளையும் சொத்துக் கோப்புகளையும் பாருங்கள்.

எண் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அப்புறம் உடம்பில் உள்ள தழும்பு. வரலாறு சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில், இந்த மாதிரிப் பதிவேடுகளைப் பல காலமாகப் படித்து வருகிறேன், ஆனாலும் நம் ரத்தத்தைச் சேர்ந்த ஒருவரை இடது புருவத்துத் தழும்பாக ஒரு குமாஸ்தா எழுதிவைத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கிராமத்தின் பெயர்தான் திண்டாட வைக்கும். குமாஸ்தாவின் காதில் விழுந்ததை அவர் இங்கிலீஷில் எழுதியிருப்பார். கண்ணால் பார்த்து யோசிப்பதைவிட, தமிழ் பேசி வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் சித்தப்பாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் நான் வாசித்ததும் இது ஏதோ பாக்கம் என்றார். வட ஆற்காடு ஜில்லாவின் தாலுகா வரைபடத்தை வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே ஊரைப் பிடித்துவிட்டோம்.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்கும் போங்கள். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார், அவர் அலுவலகத்துக்கு வந்த புகார்களும் வாக்குமூலங்களும் அங்கே இருக்கின்றன. எங்கள் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்தில் தன் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டதைப் பற்றிக் கொடுத்த வாக்குமூலம் கிடைத்தது. முழுக்க மொழிபெயர்ப்பாளரின் இங்கிலீஷ். கீழே கைநாட்டை எதிர்பார்த்தேன். தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார், தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு, நிதானமாக, புள்ளி எல்லாம் வைத்து.

எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள் என்று ஒரே வரியில் கடந்துபோகிற புத்தகங்கள் இவரை எங்கே வைக்கும்? 1903-இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை இங்கிலீஷ், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது, 1906-இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுபோயின. எங்கள் குடும்பத்திலும் தமிழ் எழுத்து அவர் பிள்ளைகளைத் தாண்டவில்லை. காவடி எடுக்கிறோம், தெருக்கூத்து பார்க்கிறோம், பஜனைப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறோம், கலாசாரம் போய்விடவில்லையே, எழுத்து எதற்கு என்று கேட்கிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாட்டு நம்மைச் சேர்த்து வைக்கும், அது உண்மை. ஆனால் முதலாளியின் ஆட்கள் எழுதிய கணக்குக்கு எதிரே தன் பெயரைத் தன் கையால் போட கொள்ளுத்தாத்தாவுக்கு அந்த எழுத்துதான் இருந்தது. அது நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

காப்பகத்துக்குப் போகிறவர்கள் காலனி எண்ணோடு தோட்டத்தின் பெயரையும் தோராயமான ஆண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அட்டைக்காகப் போகிறவர்கள் சான்றளித்த நகலாகவே கேட்டு வாங்குங்கள்.