தமிழ்த் தாளில் விட்ட இரண்டு மதிப்பெண்

அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி.யின் (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) பல் மருத்துவர் பட்டியல் வந்துவிட்டது. என் எண் இல்லை. விடைக்குறிப்பு வந்த அன்றே இது தெரியும். தமிழ்த் தகுதித் தேர்வில் 50க்கு 20 வேண்டும், எனக்கு 18. அதில் விட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத் தாளில் 71 தேறும் என்று எண்ணி வைத்திருக்கிறேன். யாரிடம் காட்ட?

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழில் என்ன பயம் என்று இருந்துவிட்டேன். ஓரல் பெத்தாலஜியை, அதாவது வாய் நோயியலை, மூன்று முறை புரட்டினேன், பத்தாம் வகுப்புத் தமிழை ஒருமுறைகூடத் தொடவில்லை. வல்லினம் மிகும் இடத்தில் கவிழ்ந்தேன். அதனால் என் முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் ஒன்றுதான்: தினமும் ஒரு மணி நேரம் தமிழ். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

சரி, தனியாரா அரசா என்று கேட்கிற ஜூனியர்களுக்கு.

தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் மாதம் 15,000க்கு உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா ஒருவர் வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், ஆழமான சொத்தை, ஆனால் காப்பாற்றிவிடலாம். ரூட் கெனால், கேப் எல்லாம் சேர்த்து ஏழாயிரம். அந்தத் தொகை என் வாயில் வரவில்லை. "பாத்துப் பண்ணிக்கலாம்க்கா" என்று இழுத்தேன். அவர் சிரித்துவிட்டார். "ஏலத்துல மீன் எடுக்கிறவ நானு. என்கிட்ட வெல சொல்ல உனக்கு ஏம்மா கூச்சம்?" தொகையைக் கேட்டதும், "புடுங்கிடு" என்றார். பிடுங்கினேன். கேஸை கன்வெர்ட் பண்ண, அதாவது வந்தவரைச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைக்கத் தெரியவில்லை என்று இரவு முதலாளி டாக்டரிடம் பாட்டு வாங்கினேன்.

உங்களுக்கு விலை சொல்ல வருமா? வந்தால் தனியாரில் பிழைத்துக்கொள்வீர்கள். என்னைப் போல நாக்கு ஒட்டிக்கொண்டால் அரசுப் பணிக்கே படியுங்கள். சம்பளக் கணக்கெல்லாம் அப்புறம்.

அந்தக் கணக்கும் வேண்டுமென்றால்:

- அரசில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. பணியிடம் தமிழ்நாட்டில் எங்கே வேண்டுமானாலும் விழும். வடசென்னையில் எங்கள் மின்ட் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்பவர்கள் இப்போதே யோசியுங்கள்.
- பணி நேரம் போக மாலையில் தனியாகப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் இரண்டு தோணியில் கால்.
- மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்தப் பணியை ஏளனமாகப் பார்க்காதீர்கள். கை பழகும்.
- சொந்தக் கிளினிக் என்றால் சேர், கம்ப்ரசர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, மருத்துவக் கழிவு எடுப்பவருடன் ஒப்பந்தம், கிளினிக் பதிவு. அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

இன்னொன்று உண்டு. குட்கா 2013இலேயே தடையானது, ஆனாலும் எங்கள் பக்கத்துப் பையன்கள் மாவாவை (பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுவது) விடவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் வாயைத் திறந்தால் இரண்டு விரல் நுழையாது, கன்னத்தின் உட்புறம் வெளுத்துப் பட்டையாக இறுகியிருக்கும். அவனுக்குத் தேவை கேப் இல்லை. அந்தப் பழக்கத்தை விடவைக்க மாதக்கணக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். கிளினிக்கில் அந்த அரைமணிக்கு பில் போட முடியாது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது அரசு ஓபியில், வரிசை அவ்வளவு நீளமாக இருந்தும், பேச முடிந்தது.

அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறேன். அப்பாயின்ட்மென்ட் நோட்டுக்கு அடியில் தம்பியின் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். நேற்று எழுத்துகளின் பிறப்பு படித்தேன். த, ந இரண்டும் மேல்வாய்ப் பல்லின் அடியை நாக்கு நுனி தொடுவதால் பிறக்கின்றனவாம். ஐந்து வருடம் பல் படித்திருக்கிறேன், இதை யாரும் சொல்லவில்லை.