கங்கையின் கையில் ஒரு துடுப்பு

இன்று காலை ரோமின் நவோனா சதுக்கத்தில், நான்கு நதிகள் நீரூற்றின் முன் நின்றபோது என் கண் முதலில் தேடியது கங்கையைத்தான்.

தாடி வைத்த ஆணின் சிலையாக, நீண்ட துடுப்பொன்றைப் பற்றியபடி பாறைமேல் அமர்ந்திருக்கிறது கங்கை. படகு செல்லத் தக்க பெருநதி என்பதற்கு அந்தத் துடுப்பே அடையாளம். நதியைத் தாயாகவே வணங்கிப் பழகிய நமக்கு இந்த வடிவம் வியப்பளிக்கிறது.

இத்தாலியச் சிற்பி பெர்னினி வடிவமைத்து 1651-இல் திறக்கப்பட்ட இந்த நீரூற்றில், அன்று ஐரோப்பியர் அறிந்திருந்த நான்கு கண்டங்களுக்கு ஒவ்வொரு நதியாக கங்கை, நைல், டான்யூப், தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா ஆகியவை இடம்பெற்றுள்ளன. நைலின் தலையைத் துணி மூடியிருக்கிறது. அதன் பிறப்பிடம் அன்று அவர்களுக்குத் தெரியாது.

நடுவே உயரும் கல்தூணின் உச்சியில் ஒரு புறா. அது தூய ஆவியின் குறியீடு மட்டுமன்று. இதைக் கட்டச் செய்த போப் பத்தாம் இன்னசென்ட் பிறந்த பாம்பிலி குடும்பத்தின் சின்னமும் அதுவே. நான்கு கண்டங்களுக்கும் மேலே தம் குடும்பச் சின்னத்தை ஏற்றிவைத்ததை என்னால் வெறும் பக்தியாகப் பார்க்க முடியவில்லை.

உணவுத் தட்டுப்பாடு நிலவிய அந்த ஆண்டுகளில், நீரூற்று வேண்டாம், ரொட்டிதான் வேண்டும் என்று ரோம் மக்கள் எழுதி ஒட்டினார்கள்.