லீஸ் முடிந்து வரும் லேப்டாப்கள்

கனடாவுக்கு வந்து இறங்கியவருக்கு முதல் மாதத்திலேயே லேப்டாப் தேவைப்பட்டுவிடும். வேலைக்கு விண்ணப்பிப்பது, வாடகை வீட்டுக்கான படிவம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு எல்லாமே திரையில்தான். போனில் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ரெஸ்யூமேயை மாற்றி எழுத உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். கடையில் புதிதாக வாங்கலாம் என்றால் விலைக்கு மேல் ஒன்டாரியோவின் 13 சதவீத எச்.எஸ்.டி. வரியும் சேரும். வேலை கிடைக்கும்வரை கையிருப்பை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அதனால் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய பலரைப் போல நானும் கிஜிஜி என்ற விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பழைய லேப்டாப் தேடினேன். தனி ஆளிடம் வாங்கும்போது அந்த வரியும் கிடையாது. ஒன்றை வாங்கினேன், சரிசெய்தேன், நண்பருக்குக் கொடுத்தேன், இன்னொன்று வாங்கினேன். இப்போது வார இறுதிகளில் இதுதான் என் வேலை.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழகியவன் நான். அங்கே கவுண்டர் முன்னால் நின்று, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவோம். இங்கே பேரமெல்லாம் மெசேஜிலேயே முடிந்துவிட வேண்டும். ஒத்துக்கொண்ட விலையை நேரில் வந்து குறைக்கக் கேட்டால் விற்பவர் முகம் மாறிவிடும். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. விளம்பரத்தில் சொல்லாத குறை ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் விலையைப் பற்றி மறுபடி பேசுவேன்.

சந்தையில் கிடைப்பதில் நல்லவை பெரும்பாலும் நிறுவனங்களின் லீஸ் முடிந்து வரும் லேப்டாப்கள்தான். லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், எச்பி எலீட்புக் ஆகியவற்றை நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். வீட்டு உபயோகத்துக்கென்று மலிவாகச் செய்யப்படும் பல லேப்டாப்களைவிட இவை உறுதியானவை. திருகாணியைக் கழற்றினால் உள்ளே கை போகும், உதிரி பாகம் கிடைக்கும். எந்தப் பாகத்தை எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டையும் அந்த நிறுவனங்களே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன.

புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது திங்க்பேட் டி480. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வின்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். டி480ல் பெரும்பாலும் இருப்பது அதுதான். ரேமுக்கு இரண்டு ஸ்லாட். பேட்டரியும் இரண்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே இருப்பதை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே மாற்றலாம். பார்க்க அதே மாதிரி இருக்கும் டி480எஸ் மெல்லியது. அதில் ரேமில் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், ஸ்லாட் ஒன்றுதான். டி480க்கு ஒரு பலவீனம் உண்டு. யூஎஸ்பி-சி போர்ட்டுக்கான பழைய தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யாமல் விட்டால் யூஎஸ்பி-சி போர்ட் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது. அதனால் சார்ஜரை இரண்டு சி போர்ட்டிலும் செருகிப் பார்த்துத்தான் வாங்குவேன், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடுவேன்.

விலை வித்தியாசமாகக் குறைவாக இருந்தால் கீபோர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிரெஞ்சு எழுத்துகளும் சேர்ந்த இருமொழி கீபோர்டாக இருக்கலாம். அதில் சில குறியீடுகள் இடம் மாறியிருக்கும், என்டர் பட்டனின் வடிவமும் வேறு. பலர் அதை ஒதுக்குவதால் விலை இறங்குகிறது. மென்பொருளில் ஆங்கில அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பழகிக்கொள்ளலாம்.

பூட்டு விஷயத்தில்தான் புதியவர்கள் நிறையப் பணம் இழக்கிறார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நேரில் பார்க்கும்போது லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டு, பயாஸுக்குள் (வின்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போங்கள். அதற்குத் திங்க்பேடில் எஃப்1 பட்டன், டெல்லில் எஃப்2. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். போர்டில் உள்ள சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று விற்பவர் சொல்லக்கூடும். திங்க்பேடில் அந்த பாஸ்வேர்டு தனிச் சிப்பில் இருக்கிறது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. இன்னொரு பூட்டு இதைவிட மோசம், ஏனென்றால் பார்த்த உடனே தெரியாது. நிறுவனம் தன் லேப்டாப்களை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் (நிறுவனக் கணினிகளை இணையம் வழியே தானாக அமைக்கும் சேவை) பதிவு செய்து வைத்திருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்திருந்தால், நீங்கள் வின்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்ததும் அந்த நிறுவனத்தின் பெயரோடு லாகின் திரை வந்து நிற்கும். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். இதனால்தான் நான் பொது நூலகத்தில் சந்திக்கக் கேட்பேன். அங்கே வைஃபை, பிளக் பாயின்ட், மேஜை மூன்றும் உண்டு. ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, லாகின் திரைவரை பார்த்த பிறகுதான் இ-டிரான்ஸ்ஃபரில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக) பணம் அனுப்புவேன். அவசரப்படுத்துபவரிடம் நான் வாங்குவதில்லை.

குளிர்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. மைனஸ் 15ல் காரில் கிடந்த லேப்டாப்பை வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே ஆன் செய்யக் கூடாது. வெதுவெதுப்பான காற்று பட்டதும் உள்ளே ஈரம் படியும். பையை மூடியபடியே சில மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

“ஓடவில்லை” என்று விற்கப்படும் பொருள்களில் நிறைய சின்னக் கோளாறுதான். டெல் ஆப்டிபிளெக்ஸ் மேசைக் கணினிகள் பலவற்றில் பவர் பட்டன் விளக்கு சிமிட்டும் கணக்கை வைத்தே என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ளலாம். ரேம் கோளாறு என்றால் கழற்றி, தங்க நிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி அழுத்திச் செருகினாலே பல முறை உயிர் வந்துவிடும். அதன் பிறகும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓடவிடுகிறேன். டிஸ்க்கின் நிலையைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள், பேட்டரிக்கு வின்டோஸே தரும் பேட்டரி ரிப்போர்ட். டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடவும் வேண்டாம். மாநகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்குகளில் முன்பு வைத்திருந்தவரின் குடும்பப் படங்களும் வரிப் படிவங்களும் அப்படியே இருக்கும். நான் அவற்றைத் திறப்பதில்லை. எஸ்எஸ்டி என்றால் பயாஸில் உள்ள செக்யூர் இரேஸ், ஹார்ட் டிஸ்க் என்றால் முழுக்க மேலெழுதி அழிப்பது. இதில் நான் சமரசமே செய்துகொள்வதில்லை.

விற்கும்போது குறைகளை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுகிறேன். மூடியில் கீறல், உள் பேட்டரி பழசு, திரை ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. என்னிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நேற்று வந்தவர்கள், அல்லது பேரப்பிள்ளைக்கு வாங்கும் தாத்தா பாட்டிகள். ஏமாந்தால் மறுபடி வாங்க அவர்களிடம் பணம் இருக்காது.

மார்க்கம் ரோடு பக்கம் இருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பேத்தியோடு வந்தார். “தம்பி, பற்றரி எத்தினை மணித்தியாலம் நிக்கும்?” என்பதுதான் முதல் கேள்வி.

“வெளியே இருக்கிறது புதுசு, உள்ளே இருக்கிறது பழசு. ரெண்டும் சேர்ந்து அஞ்சு மணி நேரம் வரும் அம்மா. அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.”

“நீர் சொன்னாச் சரி” என்றார். பிறகு தனக்கும் தமிழில் எழுத வேண்டும் என்றார். ஊரில் பாமினி என்ற பழைய தட்டச்சு முறையில் தட்டிப் பழகியவர். 2019 மே அப்டேட்டிலிருந்து வின்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உண்டு, ஆனால் பாமினி முறைக்குத் தனி மென்பொருள் வேண்டும். அதையும் நிறுவிக் கொடுத்தேன். அவர் சொல்லி இப்போது அவர்கள் கட்டடத்திலிருந்தே மூன்று நான்கு குடும்பங்கள் என்னிடம் வாங்கியிருக்கின்றன.

வின்டோஸ் 11 ஏற்காத ஏழாம் தலைமுறை சிப்பும் அதற்கு முந்தையதும் உள்ள லேப்டாப்கள் இப்போது மலிவாகக் குவிகின்றன. டி470 போன்றவற்றில் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, “வின்டோஸ் இல்லை” என்று தலைப்பிலேயே எழுதி, என் செலவு மட்டும் வரும்படி விற்கிறேன். பிரவுசரும் ஆவணங்களும் போதும் என்பவருக்கு அது தாராளம்.

இதில் இறங்க நினைப்பவர்கள் முதல் விற்பனையிலிருந்தே ஒரு நோட்டில் வாங்கிய விலை, பாகச் செலவு, விற்ற விலை மூன்றையும் எழுதி வையுங்கள். தொடர்ந்து நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டாலரைத் தாண்டாதவரை எச்.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆனால் லாபத்துக்காக வாங்கி விற்றால், எவ்வளவு சிறிய லாபமாக இருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும்.