டம்ளர் வரைவது: பென்சில் பயிற்சிக் குறிப்புகள்

பென்சில் ஓவியம் கற்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் முகத்தில்தான் கை வைக்கிறார்கள். முகத்தில் எது தப்பாக வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கண் தேறியிருக்க வேண்டும். அதனால் இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது ஒரு சாதாரண எவர்சில்வர் டம்ளர். உயரம் 10 செ.மீ., வாய் அகலம் 7 செ.மீ., அடி அகலம் 5 செ.மீ. வரைந்தது சரியா தப்பா என்று ஸ்கேல் வைத்தே சொல்லிவிடலாம். நோட்டு நோட்டாக வரைந்தும் கை தேறாதவர்கள் உண்டு. வரைந்ததை எதோடும் ஒப்பிட்டுப் பார்க்காததுதான் காரணம்.

சாமான் அதிகம் வேண்டாம். நடராஜ், அப்சரா எதுவானாலும் சரி, ஹெச்பி, 2பி, 4பி மூன்று பென்சில் (பி-க்கு முன்னுள்ள எண் கூடக் கூட முனை மென்மையாகி, கறுப்பும் கூடும்). தாளுக்கு 75 ஜிஎஸ்எம் ஏ4 ஜெராக்ஸ் பேப்பர் போதும். ஷேடிங்குக்கு (நிழல் தீட்ட) மட்டும் கார்ட்ரிட்ஜ் தாள் என்கிற தடித்த ஓவியத்தாள். ஒரு பரீட்சை அட்டை, டிரேசிங் பேப்பர், சிவப்புப் பேனா, ஸ்கேல். ஸ்கேல் சரிபார்க்க மட்டும்தான், கோடு போட அல்ல.

முதல் வாரம் முழுக்கக் கோடுதான். 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, பென்சில் தாளில் படாமல் நான்கைந்து முறை அந்தப் பாதையில் கையை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். கண் பென்சில் முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேரும் புள்ளியில் இருக்க வேண்டும். கோடு எப்போதும் ஒரே பக்கமாக வளைந்தால், மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு வரைகிறீர்கள் என்று அர்த்தம். ஊன்றிய இடத்தை மையமாக வைத்துக் கை வில் போடுகிறது. 10 செ.மீ.க்கு மேற்பட்ட கோட்டைத் தோளிலிருந்து இழுத்தால் இந்த வளைவு போய்விடும். சின்னச் சின்னக் கீறல்களை ஒட்டி ஒட்டிக் கோடாக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட வேண்டும். கோடு எங்கே தப்பியது என்பதையே அது மறைத்துவிடும். தினமும் வாசலில் கம்பிக் கோலம் போடுபவர்களுக்கு இந்தப் பகுதியில் பெரிய வேலை இருக்காது.

அடுத்தது டம்ளரின் வாய். சிரமம் எல்லாம் இங்கேதான்.

வட்டமான வாயைச் சாய்வாகப் பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சப்பையாக என்பதில்தான் சறுக்குகிறது. கண் மேசையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், டம்ளர் 50 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரின் வாய் கண்ணுக்கு 40 செ.மீ. கீழே இருக்கிறது. பார்வை சுமார் 39 பாகை இறங்குகிறது. அதன் சைன் 0.62. நீள்வட்டத்தின் உயரம் அகலத்தில் இத்தனை பங்குதான் தெரியும். அதாவது வாயை 70 மி.மீ. அகலமாக வரைந்தால், மேலிருந்து கீழாக அதன் அளவு சுமார் 44 மி.மீ. அடி இன்னும் கீழே இருப்பதால் பார்வை 45 பாகை இறங்குகிறது, விகிதம் 0.71. கொஞ்சம் தூரமாகவும் இருப்பதால் 50 மி.மீ. அடி 45 மி.மீ. ஆகச் சுருங்கும், மேலிருந்து கீழாக 32 மி.மீ. வரும். வாயின் மையத்துக்கும் அடியின் மையத்துக்கும் இடையே தாளில் 71 மி.மீ. தான். பத்து சென்டிமீட்டர் டம்ளர் ஏழு சென்டிமீட்டராகிவிடும் என்பதை மனசு லேசில் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் ஒரு கண்ணை மூடி, கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலை நேராகப் பிடித்துக் கட்டைவிரலால் அளந்தால் இதே விகிதம்தான் கிடைக்கும்.

வரையும் முறை இது. முதலில் செங்குத்தாக நடுக்கோடு. அதன் மேல் வாய்க்கும் அடிக்கும் மையப்புள்ளி. ஒவ்வொன்றிலும் குறுக்குக்கோடு போட்டு, நான்கு முனைகளையும் குறித்து, கையைக் காற்றில் சுற்றிப் பார்த்து, நிறுத்தாமல் இரண்டு சுற்று. அடியின் பின்பாதி கண்ணுக்குத் தெரியாது என்றாலும் முழுசாகவே போட வேண்டும். முன்வளைவை மட்டும் போட்டால் அது தட்டையாகிவிடும்.

ஆரம்பகாலப் பக்கம் ஒன்றில் சிவப்புப் பேனாவால் எழுதிய குறிப்பு இப்படி இருக்கிறது (அளவெல்லாம் மி.மீ.):

வாய்: அகலம் 70. உயரம் 52, வர வேண்டியது 44. வட்டம் என்று தெரிந்ததால் திறந்துவிட்டது.
அடி: அகலம் 46. உயரம் 18, வர வேண்டியது 32. மேசை தட்டை என்பதால் அடியும் தட்டை.
மையங்களின் இடைவெளி: 93, வர வேண்டியது 71.
ஓரம்: இடது முனை கூர். இரண்டு வளைவுகளை ஒட்டியது.

இந்த நான்கும் அனேகமாக எல்லோருக்கும் வரும் பிழைகள். வாய் அதிகமாகத் திறப்பதும் அடி தட்டையாவதும் சேர்ந்தே வரும். அடி எப்போதும் வாயைவிட உருண்டையாக இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மனசில் வைத்தாலே பாதி சரியாகிவிடும். மூன்றாவது பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாளை மேசையில் படுக்க வைத்து வரைந்தால் தாளே சாய்வாகத் தெரியும்; கண் அதை ஈடுகட்ட நீளத்தைக் கூட்டும். பரீட்சை அட்டையை நான்கு புத்தகத்தின் மேல் சாய்த்து, பார்வைக்கு நேராகத் தாள் இருக்கும்படி வைத்தால் இது பெருமளவு நின்றுவிடும்.

சமச்சீர் பார்க்க, வரைந்ததை டிரேசிங் பேப்பரில் எடுத்து, நடுக்கோட்டில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். எந்தப் பக்கம் பிதுங்கியிருக்கிறது என்பது உடனே தெரியும். போட்டோவோடு ஒப்பிடுவதானால் கண் இருந்த அதே இடத்தில் ஃபோனை வைத்து, இரண்டு மடங்கு ஜூம் செய்து, டம்ளரைப் படத்தின் நடுவில் வைத்து எடுக்க வேண்டும். ஃபோனைக் கிட்டே கொண்டுபோனால் அடி ரொம்பச் சிறுத்துவிடும். அதை வைத்துத் திருத்தினால் சரியாக இருந்த ஓவியம் கெட்டுப்போகும்.

மற்றவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பதற்கும் முறை இருக்கிறது. ஓவியத்தையும் பொருளின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். அதனால் ஒரு பயனும் இல்லை. “அடி வளைவு போதுமா?” என்று கேட்டால் பார்ப்பவரும் அங்கே பார்ப்பார். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ கோளாறு நிச்சயம். ஆனால் அவர்கள் சொல்லும் வைத்தியம் சரியாக இருக்க வேண்டியதில்லை. “வாய் கோணல்” என்றார்கள் என்றால் பல நேரம் வாய் சரியாகவே இருக்கும், நடுக்கோடுதான் சாய்ந்திருக்கும். ஓவியத்தைப் படமெடுக்கும்போது ஃபோன் சாய்ந்தால் இல்லாத பிழையெல்லாம் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், தாளின் நான்கு ஓரமும் ஃபோன் சட்டத்துக்கு இணையாக வரும்படி எடுங்கள்.

ஷேடிங்குக்கு எவர்சில்வர் உதவாது. அது தன்மேல் விழும் வெளிச்சத்தைவிடச் சுற்றியிருக்கும் சன்னலையும் சட்டையையும்தான் காட்டும். அடர்கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஒட்டி நிற்கும். அதனால் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு ஒரு வெள்ளை முட்டைக்கு மாறுவது நல்லது. ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும், டியூப் லைட் அணைந்திருக்கட்டும். இரண்டு வெளிச்சம் இருந்தால் இரண்டு நிழல் விழுந்து குழப்பும்.

முதலில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகத் தீட்டிப் பழக 2 செ.மீ. கட்டம் ஐந்து. ஒன்றாவது வெறும் தாள், ஐந்தாவது 4பி தரக்கூடிய முழுக் கறுப்பு. அடுத்து மூன்றாவதைப் போட்டு, கடைசியாக 2, 4. இடமிருந்து வலமாக வரிசையாகப் போனால் எல்லாம் நடுச் சாம்பலில் வந்து குவிந்துவிடும். முட்டையில் நிழல் பக்கத்தின் அடியோரமாக, மேசையிலிருந்து திரும்பும் வெளிச்சம் மங்கலாகத் தெரியும். அதை வெள்ளையாக விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. வெளிச்சப் பக்கத்தின் எந்த இடத்தையும்விட அது இருட்டாகத்தான் இருக்க வேண்டும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் அது நிழலோடு கலந்துவிட வேண்டும். தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால் இன்னொரு பூச்சு கொடுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். தோலின் எண்ணெய் தாளில் ஏறித் திட்டுத் திட்டாகும், ரப்பர் போட்டாலும் போகாது.

முட்டை வந்துவிட்டால் மறுபடி டம்ளருக்கே போய் அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்து வரையலாம். நடுக்கோடு இப்போது சாய்ந்திருக்கும். நீள்வட்டத்தின் குறுகிய அச்சு அந்தச் சாய்ந்த நடுக்கோட்டோடுதான் ஒத்துப்போக வேண்டும், தாளின் விளிம்போடு அல்ல.