கரிசல் மேல் எழுந்த ஃபிரிஸ்கோ

டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஃபிரிஸ்கோ பக்கம் வீடு வாங்கினால் வீட்டுக்குத் தண்ணீர் விட வேண்டும். செடிக்கும் புல்லுக்கும் விடுவது தனி. கோடையில் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, உடம்பெல்லாம் பொடித்துளை உள்ள கறுப்பு ரப்பர் குழாயைச் சுற்றிலும் போட்டு, மண்ணை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அதற்கு சோக்கர் ஹோஸ் என்று பெயர். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வேலியோரம் நின்று சொல்லிக் கொடுத்தார். அது ஆகஸ்ட் மாதம். மண் சுருங்கியதில் அஸ்திவாரத்தின் ஓரமாக என் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மாடி அறைக் கதவு சட்டத்தில் உரசுகிறது, ஜன்னல் மூலையில் மெல்லிய விரிசல். இதற்கென்றே அஸ்திவாரம் தூக்கிக் கட்டும் கம்பெனிகள் இங்கே ஏராளம்.

எனக்குச் சொந்த ஊர் எட்டயபுரம் பக்கம். அப்பா ஆறு மாத விசாவில் வந்திருந்தபோது இந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீட்டுக்கா தண்ணி பாய்ச்சுத?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கொல்லைப்புறம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். ஒரு கட்டியை எடுத்து உடைத்தார், விரலில் தேய்த்தார், கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து பார்த்தார். "நம்மூரு கரிசக்காடுல்ல இது! அடியில மணலக் கொட்டி நெரப்பாம எவன் வீடு கட்டுனான்?" அன்றைக்கு முழுக்க ஊருக்கு போன் போட்டு எல்லாரிடமும் இதையேதான் சொன்னார். அமெரிக்காவில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அந்த மண்தான்.

அவர் சொன்னது உண்மை. சான் அன்டோனியோ பக்கத்திலிருந்து வடக்கே ரெட் ஆற்றின் அருகு வரை பட்டையாக ஓடுகிறது இந்தக் கறுப்புக் களிமண். மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். நம் ஊரைப் போலவே இங்கேயும் அந்தக் காலத்தில் பருத்திதான் பெரிய வெள்ளாமை. அதோடு கோதுமை, மக்காச்சோளம். டாலஸுக்கு வடக்கே வரிசையாக இருக்கும் ஊர்கள் எல்லாமே இந்த மண்ணை உழுதவர்களின் ஊர்கள். இப்போது மடிக்கணினியோடு வந்து இறங்கியிருக்கும் நாங்கள் ரொம்பப் பின்னால் வந்தவர்கள்.

ஃபிரிஸ்கோ உண்டான கதை எனக்குப் பிடிக்கும். பிரெஸ்டன் ரோடு என்று இன்றைக்கு ஆறு வழியாகக் கிடக்கும் சாலை, 19ஆம் நூற்றாண்டில் மாடு ஓட்டிப் போன ஷானி தடத்தை ஒட்டியது. அந்த மேட்டில் லெபனான் என்றொரு சின்ன ஊர் இருந்தது. ரயில் பாதை போட வந்தபோது நீராவி இன்ஜினுக்கு வழியில் தண்ணீர் வேண்டியிருந்தது. லெபனான் இருந்த மேடு அதற்குத் தோதுப்படவில்லை. அதனால் மேற்கே நாலு மைல் தள்ளிப் பள்ளத்தில் தண்ணீர் நிறுத்தம் அமைத்தார்கள். 1902இல் ரயில் வந்தது. லெபனான்காரர்கள் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? மரக்கட்டைகளை அடியில் கொடுத்து வீட்டை அப்படியே உருட்டிக்கொண்டு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். மர வீடு என்பதால் நடந்த காரியம்.

ஊருக்கு முதலில் எமர்சன் என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். அது வேறொரு ஊரின் பெயரோடு குழம்பும் என்று தபால் துறை மறுத்துவிட்டது. கடைசியில் ரயில் கம்பெனியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்: செயின்ட் லூயிஸ் – சான் பிரான்சிஸ்கோ ரயில்வே, சுருக்கமாக ஃபிரிஸ்கோ லைன். ரக்கூன் என்ற வட அமெரிக்க விலங்கின் தோலை விரித்துக் காயப்போட்ட வடிவம்தான் அந்தக் கம்பெனியின் முத்திரை. ஊரின் முதல் உயர்நிலைப் பள்ளிக்கு இன்றைக்கும் ரக்கூன்தான் சின்னம். எமர்சனும் லெபனானும் வீணாகவில்லை. பின்னால் திறந்த இரண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்கு அந்தப் பெயர்கள் போய்ச் சேர்ந்தன. 1980இல் அந்த ரயில் கம்பெனி பர்லிங்டன் நார்தர்னோடு இணைந்து பெயரை இழந்தது. ஆனால் அந்தத் தடத்தில் சரக்கு வண்டி இன்னும் ஓடுகிறது. மெயின் ஸ்ட்ரீட் கேட்டில் மாட்டிக்கொண்டால் பெட்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏறிப் போகத்தான் ஒரு பயணி ரயில் கிடையாது. ரயிலால் பிறந்த ஊரில் கார் இல்லாமல் பால் பாக்கெட் வாங்கப் போக முடியாது என்பது எனக்கு இன்னமும் ஆறாத வயிற்றெரிச்சல்.

இனி எண்களைப் பாருங்கள். 1990 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம். 2000இல் 33,714. 2010இல் 1,16,989. 2020இல் 2,00,509. டாலஸ் நார்த் டோல்வே என்ற சுங்கச் சாலை வடக்கே நீண்டதும், பக்கத்து பிளேனோவில் பெரிய கம்பெனிகள் வந்து உட்கார்ந்ததும், நல்ல பள்ளிக்கூடம் என்ற பேச்சும் சேர்ந்துதான் இந்த வீக்கம். டாலஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 2016இல் தலைமையகத்தை இங்கே மாற்றியது, 2022இல் அமெரிக்க பிஜிஏ கோல்ஃப் சங்கமும் வந்தது. எனக்கு இரண்டு ஆட்டமும் புரியாது, வார இறுதிப் போக்குவரத்து மட்டும் புரியும்.

வந்த புதிதில் என்னை ரொம்பக் குழப்பியது மாடுகள்தான். நாங்கள் முதலில் இருந்த அப்பார்ட்மென்டுக்கு எதிரே ஒரு காலி மனை. ஒரு பக்கம் வங்கி, இன்னொரு பக்கம் காபிக் கடை, நடுவே கறுப்பு மாடுகள் நாலைந்து தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். பால் கறக்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் கணக்கு புரிந்தது. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. அதற்கும் சேர்த்து சொத்து வரியில் தீட்டிவிடுவார்கள். நிலத்தில் மாடு மேய்ந்தாலோ புல் அறுத்து உருட்டி விற்றாலோ அது விவசாய நிலமாக மதிப்பிடப்படும், வரி மிகக் குறைவு. ஆக, பில்டர் வந்து விலை பேசும் வரை அந்த மாடுகள்தான் நிலத்துக்கு வரி காக்கின்றன. ஒரு நாள் அவை காணாமல் போகும். மறுவாரம் புல்டோசர் வரும். ஊர்ப் பூங்கா ஒன்றில் ஷானி தடத்தின் நினைவாக வெண்கல மாடுகளை நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றுக்குத்தான் நிரந்தர வேலை.

ஊரைப் பளபளப்பாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1964இலிருந்து பழைய ஊருக்குப் பக்கத்திலேயே பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை ஒன்று இயங்கியது. காற்றில் ஈயம் கலப்பது பெரிய சர்ச்சையாகி 2012இல்தான் மூடினார்கள். மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை அதற்குப் பிறகும் பல வருடம் இழுத்தது. வீடு விற்கும் ஏஜென்ட் இதை வாய் தவறியும் சொல்ல மாட்டார்.

நம் ஆட்கள் வாழ்க்கை வேறு தினுசு. காரிய சித்தி அனுமார் கோயிலில் சனிக்கிழமை செருப்பு விட இடம் தேட வேண்டும். தெலுங்குக்காரர்கள் அதிகம். தமிழுக்கு வாரயிறுதிப் பள்ளி, பொங்கல் விழா, வாட்ஸ்அப் குழுவில் முருங்கைக் கன்று விற்பனை எல்லாம் உண்டு. முருங்கை கோடையில் சும்மா திமிறிக்கொண்டு வளரும், பனியில் செத்துப்போகும். 2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்து மாநிலத்தில் பல இடங்களில் மின்சாரம் போனபோது முருங்கையோடு கறிவேப்பிலையும் போனது. கறிவேப்பிலையை மட்டுமாவது தொட்டியில் வைத்து நவம்பரில் உள்ளே தூக்கிவிடுங்கள்.

ஃபிரிஸ்கோவின் ஓட்டம் இப்போது தணிந்திருக்கிறது. நிலம் தீர்ந்து வருகிறது, விலை ஏறிவிட்டது, பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை இறங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் இன்னும் வடக்கே புராஸ்பருக்கும் செலினாவுக்கும் போகிறார்கள். 2022க்கும் 2023க்கும் இடைப்பட்ட ஓராண்டில் 26.6 சதவீதம் வளர்ந்து, 20,000 பேருக்கு மேல் உள்ள அமெரிக்க ஊர்களில் முதலிடம் பிடித்தது செலினாதான். அதுவும் இதே தண்டவாளத்துக்காக 1902இல் இடம் மாறிய ஊர்.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த தோழி ஒருத்தி, "செலினாவுல வாங்கலாமாக்கா? அதே விலைக்கு ஒரு ரூம் கூட வருது" என்று கேட்டாள். வாங்கலாம், ஆனால் ரோடும் சாக்கடையும் போட்ட கடனைப் பல புதுக் காலனிகளில் வீட்டுக்காரர் தலையிலேயே தனி வரியாகக் கட்டிவிடுவார்கள், பத்திரம் போடும் முன் அதை விசாரி என்றேன். எதிர்ப்புறம் மாடு மேய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மேய்ந்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் புழுதிதான்.