செவ்வாய்க்கிழமை பெஞ்சு

ஆகஸ்ட் 19, 2025, செவ்வாய்

இன்றோடு 17 வாரம். போன வருடம் 11-ஆவது வாரத்தில் கலைந்துபோனது. அதனால் இந்த முறை 12 தாண்டும்வரை காலண்டரைப் பார்க்கவே பயந்தேன். தாண்டி ஐந்து வாரம் ஆகியும், கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் துணியில் கறை இருக்கிறதா என்றுதான் முதலில் கண் போகிறது. வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அத்தை, "மனதில் கெட்டதை நினைக்காதே" என்பார். நினைப்பு என்ன, கூப்பிட்டா வருகிறது?

போடியில் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். எடை பார்க்க ஒரு வரிசை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. மற்ற நேரமெல்லாம் வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சுதான். இதற்கு முன் வந்தபோதெல்லாம் செல்போனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தவள் நான். இன்றுதான் வாயைத் திறந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் பிறந்த ஊர் தேவாரம். அதனால் எல்லோருக்கும் தேவாரத்து அக்கா. என்னைவிட இரண்டு வாரம் மூத்த வயிறு. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறார். விடியும் முன் ஜீப்; போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினால் கேரளத்துத் தோட்டம்; வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். நானும் ஏலக்காயால் பிழைக்கிறவள்தான். ஆனால் நான் கிட்டங்கியில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். அவர் இன்று பெஞ்சுக்கு வந்ததற்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்திருக்கிறார்.

"தலைப்பிள்ளையா தாயி?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. முதலாவது தங்கவில்லை."

அவர் உச்சுக்கொட்டவில்லை. "எனக்கும் நடுவில் ஒன்று தங்கவில்லை. ஏழு வருடம் ஆகிறது. அந்த மாதம் வந்தால் இன்னும் எண்ணிப் பார்ப்பேன், இருந்தால் இப்போது எந்த வகுப்பு என்று" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துப் பாதியாகப் பிட்டுக் கொடுத்தார். இருவரும் தின்றோம். வீட்டுக்கு வந்த பிறகும் நெஞ்சு லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. நான்கு கொழுக்கட்டை சாப்பிட்டேன், நான்கும் வயிற்றில் தங்கின. மூன்றாம் மாதத்தில் கிட்டங்கி வாசலில் கால் வைத்தாலே ஏலக்காய் வாசனைக்குக் குமட்டிக்கொண்டு வரும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் பேரேடு எழுதினேன். இன்று அதே வாசனை வெறும் வாசனையாக இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெஞ்சில் ஒரு சின்னப் பெண் சேர்ந்திருக்கிறாள். சில்லமரத்துப்பட்டியிலிருந்து இங்கே வாழ வந்தவள், 19 வயது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. "மாத்திரை போடுகிறாயா?" என்று சிஸ்டர் கேட்டதற்குத் தலையாட்டினாள். அவர் உள்ளே போனதும், "போடவில்லை அக்கா" என்று என்னிடம் அழுதாள்.

நடந்தது இதுதான். இரும்புச்சத்து மாத்திரை போட்ட மூன்றாம் நாள் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. உள்ளே ஏதோ புண்ணாகிவிட்டது என்று பயந்து, அட்டையோடு கோழிக்கூண்டின் பின்னால் புதைத்துவிட்டாள். அந்த மாத்திரை போட்டால் கறுப்பாகத்தான் போகும், எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று பெஞ்சில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு மாதம் அந்தப் பயத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள், இந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் இல்லாமல்.

பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. அவள் ஜாக்கெட் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததை தேவாரத்து அக்கா விரலால் தடவிப் பார்த்தார். "பல்பம் தின்கிறாயா?" ஆமாம், ஒரு நாளைக்கு ஐந்தாறு. புருஷனின் தம்பி பள்ளிக்கூடப் பையிலிருந்து. அக்கா அதட்டவில்லை. தன் முதல் பிள்ளைக்கு அடுப்புச் சாம்பலும் பச்சரிசியும் தின்றதைச் சொன்னார். ரத்தம் குறைந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த ஆசை வருகிறது. சோம்பல், கெட்ட பழக்கம் என்று வீட்டில் திட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே போய் சிஸ்டரிடம் இரண்டையும் சொல்லவைத்தோம். பூச்சி மாத்திரை கொடுத்தார். இரும்புச்சத்தை இனி ஊசியாக டிரிப்ஸ் பாட்டில் வழியே ஏற்றப்போவதாகச் சொன்னார்.

எனக்கும் ஒரு தவறு பிடிபட்டது. நான் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கால்சியமும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. இன்று முதல் கால்சியம் காலைச் சாப்பாட்டோடு, இரும்பு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றோடு.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று இரவு சந்திர கிரகணம். ஒன்பது மணிக்கெல்லாம் அத்தை ஜன்னலை அடைத்துவிட்டார். கத்தியைத் தொடாதே, நகம் கடிக்காதே, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும். பூமியின் நிழல் நிலாவின்மேல் விழுவதற்கும் உள்ளே இருக்கும் உதட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் நான் வாதாடவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்து ராத்திரி முழுவதும் பாதத்தைத் தேய்த்துவிட்டவர் இவர். பயம் அவருக்கும் இருக்கிறது. அதை ஜன்னலை அடைத்துத் தீர்த்துக்கொள்கிறார். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னேன்: பசித்தால் சாப்பிடுவேன், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பேன். அதற்கு அவர் ஒத்துக்கொண்டு, தர்ப்பை போட்டு மூடிவைத்திருந்த இட்லியைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 11, வியாழன்

ஸ்கேன். 20 வாரம் 2 நாள். குளிர்ந்த பசையைத் தடவியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் தலை, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனார். அவர் பேசாமல் இருந்த நேரமெல்லாம் எனக்கு வியர்த்தது. கடைசியில் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். இதற்குள் எத்தனை முறை முருகனைக் கூப்பிட்டேன் என்று தெரியாது.

ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று சுவரில் பலகை. 1994-ஆம் ஆண்டுச் சட்டம். எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. நான் கேட்டது வேறு: "சின்னப் பெண்ணுக்கு என்னைவிட இரண்டு வாரம் குறைவு, அவளுக்குத் துடிப்பு தெரிகிறது. எனக்கு ஏன் தெரியவில்லை?" எனக்கு நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். பிள்ளை உதைத்தால் நடுவில் ஒரு தலையணை இருப்பதுபோல. இன்னும் சில வாரம் ஆகலாம் என்றார். கேட்காமல் இருந்திருந்தால் அந்தச் சில வாரமும் செத்துப் பிழைத்திருப்பேன்.

தேவாரத்து அக்கா ஸ்கேன் எடுக்கவே இல்லை. காய் அதிகமாக வரும் நேரம், கூலி போகும் என்று தள்ளிக்கொண்டே போகிறார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெஞ்சில் அக்கா இல்லை. சிஸ்டர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நேற்று மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பிலேயே ரத்தப்போக்கு. வலி இல்லை, அதனால் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். கூட வந்த பெண்கள் விடவில்லை. போடிக்குள் வந்ததும் 108-க்கு அடித்து, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எனக்கு கணக்கு எழுத ஓடவில்லை. கிட்டங்கியில் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு, நானும் சின்னப் பெண்ணும் பஸ் ஏறினோம். வார்டில் இடது பக்கமாகப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "பிள்ளை நன்றாக இருக்கிறது, துடிப்பைக் காதால் கேட்டேன்" என்றார். நஞ்சுக்கொடி கீழே, கருப்பை வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதாம். கருப்பை வளர வளரப் பெரும்பாலும் அது மேலே ஏறிவிடும், 32 வாரத்தில் மறுபடி ஸ்கேன் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை சுமை தூக்கக் கூடாது, ஜீப் கூடவே கூடாது.

"ஜீப் இல்லாவிட்டால் என்ன சாப்பிடுவது தாயி?" என்று மெல்லக் கேட்டார். அவர் நகக்கண்ணில் ஏலச்செடியின் கறை அப்படியே இருந்தது.

பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஜீப்பில் போகிற யாருக்கும் அது கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி மொத்தம் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது, பணம் தவணையாக வருகிறது. அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் நான்கு மாதம் அடுப்பெரிய அது போதாது. கோபமாக வருகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மத்தியானம் கேப்பைக்களி தின்றுவிட்டுப் படுத்திருந்தேன். தொப்புளுக்கு இடது பக்கம், கீழே, ஓரத்தில் ஒரு சுண்டல். வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி அதே இடத்தில், உள்ளிருந்து யாரோ ஒற்றை விரலால் தட்டுவதுபோல. எழுந்து உட்காரப் பயந்து அப்படியே கிடந்தேன். மூன்றாவது முறை வந்ததும் அழுதுவிட்டேன். அத்தை ஓடிவந்து, பதறி, விஷயம் தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு.

அக்காவுக்குப் போன் செய்தேன். நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜை முடிந்து இன்று கிட்டங்கி திறந்தது. முதலாளியிடம் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று சரி என்றுவிட்டார். உட்கார்ந்து செய்யலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டதால், தேவாரத்து அக்கா இன்று முதல் காய் பிரிக்கும் பெண்களோடு. மூட்டையைத் தொடக் கூடாது, இன்னொருவர்தான் முறத்தில் கொண்டுவந்து கொட்ட வேண்டும் என்று பேசி முடித்தேன். தோட்டத்துக் கூலியைவிடக் குறைவுதான். ஆனால் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

தூணில் சாய்ந்து உட்கார்ந்து, உருண்டு திரண்ட பச்சைக் காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இத்தனை வருடம் செடியிலிருந்து எடுத்திருக்கிறேன். காய்ந்து இப்படி ஆகும் என்று இன்றுதான் நிதானமாகப் பார்க்கிறேன்" என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

24 வாரம். சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் செய்யக்கூடிய இந்த ஒற்றைச் சோதனை முறையைப் பரப்பியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா. பஸ் மாறி வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு வா என்று சொல்லாமல் யோசித்த மனிதர். கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

குடித்த பிறகு இரண்டு மணி நேரம் பெஞ்சு. முதல் அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்குப் புரட்டிக்கொண்டு வந்தது. சின்னப் பெண் ஒரு பழைய நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஹீமோகுளோபின் 9.8 வரை ஏறிவிட்டது. பல்பத்தை விட்டு 20 நாள். அதை ஒரு மார்க்கைப்போலச் சொன்னாள்.

அக்காவுக்கு 121. எனக்கு 148. 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை.

அந்த எண்ணைப் பார்த்ததும் காது அடைத்துவிட்டது. எல்லோருக்கும் விவரம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். எனக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை. இரண்டு வாரம் சாப்பாட்டு முறையும் நடையும், பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் 120-க்குள் இருக்கிறதா என்று பார்ப்போம், தாண்டினால்தான் மருந்து என்று சிஸ்டர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. மீதியை அக்கா கேட்டுவைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் சின்னப் பெண் என் கையைப் பிடித்தாள். "தீபாவளிக்கு 13 நாள்தான் இருக்கிறது அக்கா. நான் பல்பத்தை விட்டுவிட்டேன். நீங்கள் அதிரசத்தை விட்டுவிடுங்கள். நானும் சாப்பிடவில்லை" என்றாள்.

"நீ எதற்கு விட வேண்டும்? நீ சாப்பிடு" என்றேன்.

"இல்லை. இரண்டு பேராக விட்டால் சுலபம்."

அடுத்த செவ்வாய்க்கு அக்கா கேப்பை அடையும் முருங்கைக்கீரையும் கொண்டுவருகிறார். நான் சுண்டல்.