கழித்தலா, குறை எண்ணா? பயிற்சித்தாளோடு ஐந்து வாரம்

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. முழுக்கள் (−3, 0, 5 போன்ற எண்கள்) பாடம் நடந்த மாதத்தில் அவள் வீட்டில் செய்து முடித்த பயிற்சித்தாள்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. ஒரு தாளுக்கு 40 கணக்கு. பெரும்பாலான தாள்களில் 38, 39 என்று மதிப்பெண். ஆனால் வகுப்பில் வைத்த சிறு தேர்வில் 20 கணக்குக்கு 9 தான் சரி. "தினமும் உட்கார்ந்து செய்யத்தான் செய்யுறா, அப்புறம் ஏன் இப்படி?" என்று அண்ணி அந்தக் கோப்பைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இருந்தும் அந்தக் கோப்பை முழுக்கப் புரட்டிப் பார்த்த பிறகுதான் பயிற்சித்தாளைப் பற்றிச் சில விஷயங்கள் எனக்கே தெளிவாயின. வீட்டில் பிள்ளைக்குத் தாள் அச்சடித்துக் கொடுக்கும் அப்பா அம்மாவுக்கும், தானே எடுத்துச் செய்யும் மாணவருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டது இது. ஒரு தாள் முழுக்க −8 + 5 போன்ற வேற்றுக்குறிக் கூட்டல். அடுத்த தாள் முழுக்க ஒரே குறிக் கூட்டல். அதற்கடுத்தது முழுக்கப் பெருக்கல். இப்படி ஒரே வகையை 40 தடவை செய்யும்போது மூன்றாவது கணக்கிலேயே கைக்கு வழி தெரிந்துவிடுகிறது: பெரியதிலிருந்து சிறியதைக் கழி, பெரியதன் குறியைப் போடு. மீதி 37 கணக்கிலும் கேள்வியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தேர்வு கேட்பதோ வேறு. "இங்கே எந்த வழி?" என்று ஒவ்வொரு கணக்கிலும் முடிவெடுக்கச் சொல்கிறது. அந்த முடிவை எடுக்க அவள் ஒரு நாளும் பழகவில்லை.

தேர்வுத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு தப்பான 11 கணக்கையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். முதல் கணக்கு −7 − 5. "மைனஸ் ஏழு மைனஸ் ஐந்து. மைனஸ் மைனஸ் ப்ளஸ். பன்னிரண்டு." அடுத்தது 8 − (−5). "எட்டு மைனஸ் மைனஸ் ஐந்து…" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டு, "அத்தை, இதுல எது கழித்தல், எது குறை எண்?" என்று கேட்டாள்.

அவளுடைய சிக்கல் மொத்தமும் அந்தக் கேள்வியில் இருந்தது. தாளில் அச்சாகியிருப்பது ஒரே மாதிரியான சிறு கோடு. அதற்கு வேலை மூன்று. 8 − 5 இல் அது கழிக்கச் சொல்லும் செயல். −5 இல் அது எண்ணின் குறி. −(−5) இல் முதலில் நிற்கும் கோடு, "இதன் எதிரெண்ணை, அதாவது குறி மாறிய எண்ணை, எடு" என்கிறது. மூன்றையும் நாம் "மைனஸ்" என்றே சொல்லிப் பழக்கிவிடுகிறோம். தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன: கழி, குறை, எதிரெண். 8 − (−5) என்பதை "எட்டிலிருந்து குறை ஐந்தைக் கழி" என்று படித்தால் எது செயல், எது எண் என்று காதே பிரித்துக் கொடுத்துவிடும். −7 − 5 என்பது "குறை ஏழிலிருந்து ஐந்தைக் கழி". இங்கே கழிக்கப்படுவது மிகை ஐந்து, குறை ஐந்து இல்லை. "மைனஸ் மைனஸ் ப்ளஸ்" என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது.

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு "மைனஸ்" என்ற சொல்லையே நாங்கள் புழங்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் முதல் ஐந்து கணக்கை அவள் சத்தமாகத் தமிழில் படித்த பிறகுதான் பேனாவை எடுப்பாள். இந்த ஒரு மாற்றம், நான் சேர்த்த வேறு எதையும்விட அதிகப் பலன் கொடுத்தது.

"இரண்டு மைனஸ் சேர்ந்தால் ப்ளஸ்" என்ற வாக்கியத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெருக்கல், வகுத்தல் பாடம் வரும்வரை அதைப் பிள்ளையின் காதில் போடக் கூடாது. வந்த பிறகும் "இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண்" என்று முழு வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும். சுருக்கமான வடிவம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிக்கொண்டதும் கூட்டலுக்குள் நுழைந்து (−3) + (−5) = 8 என்று எழுத வைக்கிறது. அவளுடைய 11 தவறில் 7 இந்த வகை. 3, அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறை எண்ணைக் கழிப்பதில் வந்தவை. மிச்சம் ஒன்றே ஒன்றுதான் வெறும் கணக்குப் பிழை: −17 + 9 க்கு −7 என்று எழுதியிருந்தாள். அந்த ஒன்றுக்காகக் கூடுதல் தாள் கொடுப்பதில் பொருள் இல்லை. மற்ற பத்துக்கும் 40 கணக்குத் தாள் மருந்தே இல்லை.

பொருள் புரிய வைக்க எண்கோடு நல்லது, ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. −3 + 5 க்குப் பிள்ளைகள் −3 மேல் விரலை வைத்து அதையே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவார்கள். −2, −1, 0, 1 என்று போய் விடை 1 என்பார்கள். சரியான விடை 2. புள்ளியை எண்ணாதே, தாவலை எண்ணு என்று சொல்லி, தாவலை வளைகோடாக வரையச் சொன்னால் இது சரியாகும். தாளின் மேல் ஓரத்தில் −12 முதல் 12 வரை ஒரு எண்கோட்டை அச்சடித்துவிடுங்கள், முதல் வாரத்துக்கு மட்டும்.

குறை எண்ணைக் கழிப்பதற்கு எண்கோட்டைவிட இரு நிறச் சில்லுகள் மேல். சிவப்பு அட்டைத் துண்டு ஒன்றுக்கு +1, கறுப்புத் துண்டு ஒன்றுக்கு −1. ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம். 4 − (−6) என்றால் மேசையில் நான்கு சிவப்பு வைக்கிறோம். அதிலிருந்து ஆறு கறுப்பை எடுக்க வேண்டும். கறுப்பே இல்லையே? அந்த இடத்தில் அவள் கை அப்படியே நின்றது. நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஜோடி ஜோடியா வைக்கலாமா, அத்தை? ஜோடி பூச்சியம்தானே?" என்றாள். ஆறு ஜோடி வைத்தாள். ஆறு கறுப்பை எடுத்தாள். மேசையில் பத்துச் சிவப்பு. கழித்தால் ஏன் கூடுகிறது என்பதை அதன் பிறகு அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிவப்பும் கறுப்பும் நான் கண்டுபிடித்ததில்லை. பழங்காலச் சீனாவில் மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி வைத்துக் கணக்குப் போட்டார்கள். கி.பி. 263 இல் லியு ஹுய் என்ற கணித அறிஞர் ஒரு பழைய கணக்கு நூலுக்கு எழுதிய உரையில் இது இருக்கிறது. கி.பி. 628 இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் சொல்லி நான்கு செயல்களுக்கும் விதி எழுதினார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம், கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம். கடனை ஒருவர் தள்ளுபடி செய்தால் கையிருப்பு கூடின மாதிரிதான் என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றும் அவர் எழுதினார். அதை இன்று ஏற்பதில்லை. பூச்சியத்தால் வகுப்பது அவ்வளவு பெரிய மேதைக்கே சிக்கலாக இருந்தது என்று சொன்னபோது அண்ணன் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 0 ÷ (−5) க்கு விடை 0, (−5) ÷ 0 க்கு விடையே கிடையாது என்ற வேறுபாடு அவளுக்கு மறக்கவில்லை.

இனி தாள்கள். நான் 40 கணக்கை 16 ஆகக் குறைத்தேன். 12 புதியவை, 4 முந்தைய நாட்களில் தப்பானவை. தப்பானதை அதே எண்களோடு திரும்பக் கொடுத்தால் விடை நினைவிலிருந்து வந்துவிடும். அதனால் வகை அதேதான், எண்கள் வேறு: −7 − 5 தப்பு என்றால் மறுநாள் −6 − 8, மூன்று நாள் கழித்து −11 − 4, அடுத்த வாரம் ஒரு முறை −20 − 15. புதிய வகையைத் தொடங்கும் நாளில் மட்டும் ஒரே வகையில் ஆறேழு கணக்கு. மறுநாளே கலந்துவிடுவேன். கலந்த முதல் நாள் மதிப்பெண் விழும். பிள்ளை முகம் வாடும், நமக்கும் பதற்றமாக இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், பழைய தாளுக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

இவற்றோடு வாரத்துக்கு ஒன்றிரண்டு வேறு மாதிரித் தாள்களும் கொடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்தது 'குறி மட்டும்' தாள். −48 + 29, 15 − (−15), −9 − (−9), (−6) × (−7) × (−2) என்று 20 கணக்கு. விடை கண்டுபிடிக்கக் கூடாது; விடை மிகையா, குறையா, பூச்சியமா என்று மட்டும் எழுத வேண்டும். தேர்வில் இதுவே கைகொடுக்கும்: விடை எழுதிய பிறகு குறியை மட்டும் இன்னொரு தடவை இப்படிப் பார்க்க ஐந்து விநாடி போதும். இன்னொன்று, பத்துக் கணக்கை விடையோடு அச்சடித்து, நான்கை வேண்டுமென்றே தப்பாக வைத்த தாள். தப்பைக் கண்டுபிடிப்பதோடு அப்படி எழுதும் பிள்ளை எப்படி யோசித்திருக்கும் என்றும் ஒரு வரி எழுத வேண்டும். (−3) + (−5) = 8 என்றிருந்த கணக்குக்குப் பக்கத்தில் "பெருக்கல் விதியை இங்க கொண்டு வந்துட்டாங்க" என்று அவள் எழுதியிருந்தாள். மூன்றாவது வகை கோடிட்ட இடம்: ___ − (−4) = −3. விடை −7. இயற்கணிதத்துக்கு இது நல்ல முன்பயிற்சி.

அச்சையும் கவனிக்க வேண்டும். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அந்தப் பழைய கோப்பில் கழித்தல் கோடு ஒரு புள்ளி அளவுக்குச் சிறியதாக அச்சாகியிருந்தது. ஒரு தாளில் கணக்கு வரியின் ஓரத்தில் உடைந்து, "8 −" என்பது மேல் வரியிலும், "−5" இல் இருந்த கோடு மட்டும் அங்கேயே ஒட்டிக்கொண்டு 5 கீழ் வரியிலும் கிடந்தது. பிள்ளை அதை எப்படிப் படிக்கும்? கோடு நீளமாக இருக்கட்டும். குறை எண் இரண்டாவதாக வந்தால் அடைப்புக்குறி கட்டாயம். பக்கத்துக்கு இரண்டு பத்தி போதும், ஒவ்வொரு கணக்குக்கும் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். விடைகள் தனித் தாளில் இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் தலைகீழாகப் போட்டால் கண் அங்கேதான் போகும்.

பென்சிலும் அழிப்பானும் வேண்டாம் என்பது என் கட்சி. பேனாவால் எழுதி, தப்பானால் ஒரே கோடாக அடிக்கட்டும். அழித்துவிட்டால் தவறு எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். திருத்தும்போது நான் வெறும் பெருக்கல் குறி போடுவதில்லை. ஓரத்தில் 'வா', 'கு', 'க' என்று ஓர் எழுத்து: வாசித்ததில் பிழை, குறியில் பிழை, கணக்கிட்டதில் பிழை. இரண்டாவது வாரத்திலிருந்து அந்த எழுத்தை அவளையே போடச் சொன்னேன். மூன்றாவது வாரம் 'வா' அநேகமாக மறைந்துவிட்டது, 'கு' நின்றது. அந்த வாரத் தாளில் என்ன வைப்பது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கடிகாரத்தை அதுவரை நாங்கள் பார்க்கவே இல்லை. வேகம் பிறகு தானாக வந்தது.

பெருக்கல் விதி ஏன் அப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு தொடர் எழுதிக் காட்டுங்கள். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. விடை ஒவ்வொரு படியிலும் 2 கூடுகிறது. அடுத்த படி (−1) × (−2). அதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுக்கு வரும்போது (−3)² க்கு விடை 9, −3² க்கு விடை −9. முதலாவதில் குறை மூன்றே வர்க்கமாகிறது, இரண்டாவதில் மூன்றின் வர்க்கத்துக்கு எதிரெண். இந்த இடத்தில் ஒரு நாள் எனக்கே சறுக்கியது. விடைத்தாளை ஸ்பிரெட்ஷீட்டில் சூத்திரம் போட்டுத் தயாரித்தேன். அது முன்னால் இருக்கும் கோட்டை முதலில் எடுத்துக்கொண்டு −3² க்கு 9 என்று காட்டியது. நான் பார்க்காமல் அச்சடித்துவிட்டேன். "இல்ல அத்தை, −9 தான் வரணும்" என்று அவள் விடாமல் நின்றாள். மூன்றின் வர்க்கம் முதலில், எதிரெண் பிறகு என்று எனக்குப் படித்தும் காட்டினாள். எந்த விடைத்தாளையும் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது என்று பலர் கேட்பதில்லை. வெவ்வேறு நாட்களில் செய்த மூன்று கலப்புத் தாள்களில் 'வா'வும் 'கு'வும் ஒன்றுகூட இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மாதம் ஒரு தாள் போதும். அவளுக்கு அந்த மூன்றாவது தாள் ஐந்தாவது வாரம் சனிக்கிழமை அமைந்தது. அச்சடித்து மீந்துபோன தாள்களின் பின்பக்கத்தில் இப்போது எக்ஸ் போட்டுச் சமன்பாடு செய்துகொண்டிருக்கிறாள். அடைப்புக்குறியைப் பிரிக்கும் இடம் வரும்போது மட்டும் உதடு லேசாக அசைகிறது: "…இலிருந்து குறை மூன்றைக் கழி."